கணினியைத் திறந்ததும் தானாக இயங்கும் நிரல்கள்

காலையில் கணினியைத் திறந்து கடவுச்சொல்லைக் கொடுத்ததும், அன்றாடம் பயன்படுத்தும் நிரல்களை ஒவ்வொன்றாகத் தேடித் திறக்கிறோம். தமிழில் எழுதுகிறவர்களுக்கு எ-கலப்பை போன்ற தட்டச்சு நிரல் ஓடாமல் ஒரு வரிகூட நகராது. இந்த வேலையைக் கணினியிடமே ஒப்படைத்துவிடலாம்.

விண்டோஸில் இதற்கென்றே 'ஸ்டார்ட்அப்' என்றொரு கோப்புறை இருக்கிறது. 1992இல் வெளிவந்த விண்டோஸ் 3.1 காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு உண்டு. விண்டோஸ் விசையுடன் ஆர் விசையைச் சேர்த்து அழுத்தினால் 'ரன்' என்ற சிறு பெட்டி வரும். அதில் ஷெல் என்று ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் ஸ்டார்ட்அப் என்று சேர்த்து என்டர் கொடுத்தால் அந்தக் கோப்புறை திறக்கும். வேண்டிய நிரலின் ஷார்ட்கட்டை அதில் ஒட்டிவிட்டால் போதும். நிரலையே தூக்கி வைக்கக் கூடாது. நிரல்தான் என்றில்லை, தினமும் கணக்கு எழுதும் எக்செல் கோப்பின் ஷார்ட்கட்டை வைத்தாலும் அது தானாகத் திறந்துகொள்ளும். வேண்டாமென்றால் ஷார்ட்கட்டை அழித்துவிடலாம், மூலக் கோப்புக்கு ஒன்றும் ஆகாது.

இது உங்கள் கணக்குக்கு மட்டுமே பொருந்தும். வீட்டில் மற்றவர்கள் வேறு கணக்கில் நுழைந்தால் இயங்காது.

நாம் வைத்தவை இவ்வளவுதான். நம்மைக் கேட்காமலே வந்து உட்கார்ந்தவை எத்தனை என்பதுதான் பெரிய கேள்வி. புதிதாக நிறுவும் பல நிரல்கள் ரெஜிஸ்ட்ரியில் 'ரன்' என்ற இடத்தில் தம் பெயரைப் பதிந்துகொள்கின்றன. "கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது, அதான் மெதுவாக வருகிறது" என்று சொல்பவர்கள் முதலில் இங்கே பார்க்க வேண்டும். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். விண்டோஸ் 8 முதல் அதில் ஸ்டார்ட்அப் பகுதி உள்ளது. விண்டோஸ் 7இல் எம்எஸ்கான்ஃபிக் மூலம் பார்க்கலாம். தேவையற்றதைத் தேர்ந்து 'டிசேபிள்' கொடுத்தால் நிரல் அழியாது, தானாகக் கிளம்புவது மட்டும் நிற்கும். வைரஸ் தடுப்பு நிரலில் கை வைக்க வேண்டாம்.

வைரஸ்களும் இதே வழியில்தான் ஒளிந்துகொள்கின்றன. வெளியீட்டாளர் பெயரே இல்லாத ஏதேனும் பட்டியலில் தென்பட்டால் அது என்னவென்று விசாரித்துவிடுங்கள். மைக்ரோசாப்டின் இலவசக் கருவியான 'ஆட்டோரன்ஸ்' இன்னும் ஆழமாகக் காட்டும், ஆனால் பழக்கமில்லாதவர்கள் அதில் எதையும் மாற்றாமல் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இன்னொன்று. மடிக்கணினியை அணைக்காமல் மூடி வைத்துவிட்டு மறுநாள் திறந்தால் இந்த நிரல்கள் புதிதாகக் கிளம்பாது. கடவுச்சொல் கேட்டாலும் அது புதிய நுழைவு அல்ல, நேற்றைய அமர்வே தொடர்கிறது. சைன் அவுட் செய்து மீண்டும் நுழைந்தால்தான் அவை இயங்கும்.