விபத்தும் வக்கீலும்

ஒருவர் சாலையிலோ தொழிற்சாலையிலோ அடிபட்டு வீழ்ந்தால், உற்றார் முதலில் தேடுவது வைத்தியரை; அடுத்துத் தேடுவது வக்கீலை. இந்த இரண்டாவது தேடல் நம் நாட்டில் மிகப் பழையதன்று. பிறருடைய அஜாக்கிரதையினால் கையையோ காலையோ இழந்தவன் அதற்குப் பணமாக ஈடு கேட்கலாம் என்பதும், அவ்வாறு கேட்பதற்கு அவனுடைய ஊர் வக்கீலே துணை நிற்கலாம் என்பதும் சிறிது சிறிதாக வந்து சேர்ந்த உரிமைகள். அவை வந்த வழியை நாம் இங்கே காண்போம்.

ஆங்கிலேயர் கொண்டுவந்த சட்டத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. காயம்பட்டவன் உயிரோடிருந்தால் அவன் வழக்குத் தொடரலாம். அவன் இறந்துவிட்டாலோ, வழக்கும் அவனோடு இறந்துவிடும். ஒரு மனிதனுடைய மரணத்தைச் சிவில் கோர்ட்டில் நஷ்டமாகக் காட்ட முடியாது என்று 1808-இல் இங்கிலாந்தில் தீர்ப்பாயிற்று. ஆகவே, ஒருவனை முடமாக்குவதைவிடக் கொன்றுவிடுவதே செலவு குறைந்த காரியம் என்று சொல்லும்படியான நிலை ஏற்பட்டது. ரெயில்வே பெருகிய காலத்தில் இது பொறுக்க முடியாததாகவே, 1846-இல் காம்பெல் பிரபுவின் முயற்சியால் அந்நாட்டுப் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. அதனைப் பின்பற்றி இந்தியாவில் 1855-ஆம் ஆண்டின் 13-ஆவது சட்டம் பிறந்தது. பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் பிரயாணி ரெயில் ஓடி அப்பொழுது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. இறந்தவனுடைய மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோர் நஷ்டஈடு பெறலாம் என்பதே அச்சட்டத்தின் சாரம்.

சட்டம் இருந்தது, அதனைப் பயன்படுத்தினோர் எத்தகையவர்? 1861-இல் கல்கத்தா சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பான வழக்கு ஒன்றை இதற்குச் சான்றாகக் கூறலாம். கிதர்ப்பூரிலிருந்த சர்க்கார் கப்பல் துறையின் வழியே பி. அண்ட் ஓ. கப்பல் கம்பெனியின் குதிரைவண்டி சென்றுகொண்டிருந்தது. பாதையில் கனமான இரும்புத் துண்டு ஒன்றைச் சுமந்துவந்த சர்க்கார் ஆட்கள் அதைக் கீழே போட்டனர். அந்த ஓசையில் குதிரை மிரண்டு காயமுற்றது. கம்பெனி கேட்ட நஷ்டஈடு ரூபாய் 350. பிரதம நீதிபதி ஸர் பார்ன்ஸ் பீகாக் முதலியோர், இத்தகைய அலுவலில் சர்க்காரும் பொறுப்பாளியே என்று தீர்த்தனர். சர்க்கார்மீது நஷ்டஈடு கோரும் உரிமையின் அடிப்படை நம் நாட்டில் ஒரு குதிரையின் காயத்தினால் இடப்பட்டது என்பது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் கப்பல் கம்பெனிக்கு வக்கீல் வைக்கும் வசதி இருந்தது. கப்பல் துறையில் இரும்பு சுமந்த கூலியாளுக்கு அது இல்லை.

அதே தத்துவம் ஓர் ஏழைக் குடும்பத்துக்குப் பயன்பட நூற்றொரு ஆண்டுகள் சென்றன. ராஜஸ்தானத்தில், உதயப்பூர்க் கலெக்டருக்கென வைத்திருந்த சர்க்கார் ஜீப் ஒன்று 1952 பிப்ரவரியில் பழுதுபார்த்துத் திரும்பும் வழியில், நடைபாதையில் சென்ற ஒருவர்மீது மோதியது. அவர் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். விதவையும் மூன்று வயதுப் பெண்குழந்தையும் வழக்குத் தொடுத்தனர். கீழ்க்கோர்ட்டு டிரைவரை மட்டுமே பொறுப்பாக்கிற்று. ஹைகோர்ட்டு சர்க்காரையும் சேர்த்து ரூபாய் 15,000 விதித்தது. 1962-இல் சுப்ரீம் கோர்ட்டு அதனை உறுதிசெய்தது. குழந்தைக்கு அப்பொழுது பதின்மூன்று வயது ஆகியிருக்கும்.

தொழிலாளர் திறத்தில் முன்னேற்றம் சற்று விரைவாகவே நிகழ்ந்தது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1924 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. முதலாளியின் குற்றத்தை நிரூபிக்க வேண்டுவதில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நேர்ந்தது என்று காட்டினால் போதும். கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் நூற்றுக்கு 30 குறைந்தது என்று அட்டவணையே வகுத்திருந்தது. கட்டைவிரலை இழந்த தச்சனுக்கு உண்மையில் எவ்வளவு போயிற்று என்பதை அந்த அட்டவணை அறியாது. ஆயினும் பேரம் பேசும் தொல்லையேனும் நீங்கிற்று. வக்கீல் மட்டுமன்றிப் பதிவுபெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகியும் கமிஷனர்முன் தோன்றலாம் என அச்சட்டம் இடம் தந்ததும் கருதத்தக்கது. கைநாட்டு வாங்கிக்கொண்டு சொற்பத் தொகையில் கணக்குத் தீர்க்கும் வழக்கத்துக்கும் அதில் ஒரு தடை இருந்தது: ஒப்பந்தத் தொகை போதாதென்று கண்டால் கமிஷனர் அதனைப் பதிவுசெய்ய மறுக்கலாம்.

இனி மோட்டார் விபத்துக்கு வருவோம். 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பிறருக்கு நேரும் கேட்டுக்காக வண்டிக்காரர் கட்டாயமாக இன்ஷூர் செய்ய வேண்டும் என்றது. அந்த அத்தியாயம் 1946 ஜூலையில்தான் அமலுக்கு வந்தது. பணம் கொடுக்க ஒரு கம்பெனி நின்றது. ஆனால் வாங்கச் செல்லும் வழி கரடுமுரடானது. சிவில் கோர்ட்டில் கேட்கும் தொகைக்கேற்பக் கோர்ட்டுக் கட்டணம். அதன்பின் ஆண்டுக்கணக்கான வாய்தா. இதனை மாற்றவே 1956-ஆம் ஆண்டுத் திருத்தம் விபத்து நஷ்டஈட்டு டிரிபியூனல்களுக்கு வழிவகுத்தது. ஜில்லா நீதிபதியே பெரும்பாலும் டிரிபியூனலாக அமர்ந்தார். சாதாரண மனு போதும். மனுச் செய்ய அறுபது நாள் அவகாசம்.

இங்கேதான் உள்ளூர் வக்கீலின் கதை தொடங்குகிறது. விபத்து எந்த எல்லையில் நடந்ததோ அந்த எல்லையிலுள்ள டிரிபியூனலுக்கே மனுச் செய்ய வேண்டும் என்பது அன்றைய விதி. பீகாரிலிருந்து பிழைப்புக்காகப் பம்பாய் சென்ற கூலியாள் ஒருவர் அங்கே லாரியில் அடிபட்டு இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மனைவி, மொழி தெரியாத நகரத்தில், முகமறியாத வக்கீலைத் தேடி, ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரெயிலேற வேண்டும். எத்தனை பேர் அவ்வாறு ஏறியிருப்பர்! 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் இதனை அடியோடு மாற்றியது. மனுதாரர் தாம் வசிக்கும் இடத்திலேயே மனுச் செய்யலாம் என்றாயிற்று. நம் கருத்தில், தொகைகளை உயர்த்திய எந்தத் திருத்தத்தைக் காட்டிலும் இதுவே பெரிது. அதே திருத்தம் கால எல்லையையும் நீக்கிற்று. ஆனால் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் ஆறு மாத எல்லையை மீண்டும் கொணர, அது 2022 ஏப்ரல் முதல் நடைமுறையாயிற்று.

உள்ளூர் வக்கீல் செய்வதென்ன? வாதத்தைவிடத் தேடிச் சேர்ப்பதே அதிகம். போலீஸின் முதல் தகவல் அறிக்கை, காயச் சான்று அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, டிரைவரின் லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் பாலிஸி ஆகியவற்றின் நகல்களை அவர் திரட்ட வேண்டும். சம்பளச் சீட்டே காணாத கூலியாளின் தினக்கூலியைச் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். ஆண்டு வருமானத்தில் இறந்தவரின் சொந்தச் செலவைக் கழித்து, எஞ்சியதை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்குவது முறை. 2009-இல் சுப்ரீம் கோர்ட்டு அந்த எண்களை ஒழுங்குபடுத்திற்று: 25 வயது வரையில் 18, வயது ஏற ஏறக் குறைந்து 66 முதல் 70 வரையில் 5. ஆகவே தினக்கூலியில் ஐம்பது ரூபாய் விட்டுப்போனால், அந்த இழப்பும் அத்தனை மடங்கு பெருகும்.

அவருக்குக் கூலி யார் கொடுப்பது? அமெரிக்காவில், வென்றால் வரும் பணத்தில் ஒரு பங்கு என்று வக்கீல் பேசிக்கொள்ளலாம். இங்கே அது கூடாது. வசூலாகும் தொகையில் பாதி எனக்கு என்று கட்சிக்காரரிடம் ஒப்பந்தம் செய்துகொண்ட ஓர் அட்வகேட்டின் செயலை, தொழில் ஒழுக்கத்துக்கு மாறானது என்று 1954-இல் சுப்ரீம் கோர்ட்டு கண்டித்தது. பார் கவுன்ஸில் விதியும் அதனைத் தடுக்கிறது. விதி நல்லதே. எனினும் கையில் காசில்லாதவர் என் செய்வார் என்ற கேள்வி நின்றது. ஹரியானாவில் சர்க்கார் பஸ்ஸினால் இறந்தவரின் மனைவியும் மகளும் கட்டணமின்றி மனுச் செய்ய முயன்றபோது, அதனை எதிர்த்துச் சர்க்காரே சுப்ரீம் கோர்ட்டு வரையில் சென்றது! 1979-இல் நீதிபதி கிருஷ்ணய்யர், ஏழைக்குரிய கட்டண விலக்கு டிரிபியூனலுக்கும் பொருந்தும் என்று கூறி அப்பீலைத் தள்ளினார். 1987-ஆம் ஆண்டு இலவசச் சட்ட உதவிச் சட்டம் 1995 நவம்பரில் அமலுக்கு வந்தபின், பெண்டிர், குழந்தைகள், தொழிலாளர், அங்கவீனர் ஆகியோர் சட்டப்பணிக் குழுவின் வாயிலாக வக்கீலைப் பெற வழி ஏற்பட்டது.

பணம் கைக்கு வரும் கட்டத்திலும் கோர்ட்டு கண்ணை மூடிக்கொள்ளவில்லை. எழுத்தறியாதவரின் தொகை இடைத்தரகரிடம் போய்விடும் என்ற அச்சத்தினால், குஜராத் ஹைகோர்ட்டு வகுத்த முறையை ஒட்டிச் சுப்ரீம் கோர்ட்டு 1994-இல் சில நெறிகளைக் கூறிற்று. அவற்றின்படி தொகையின் பெரும்பகுதியை பாங்கில் நீண்டகால டெபாசிட்டாக வைக்கலாம். அதன்மீது கடன் தரக்கூடாது. வட்டியை மாதந்தோறும் உரியவரிடமே நேராகச் சேர்ப்பிக்க வேண்டும்.