கடிதம் சேரிக்குள் வருகிறதா?

தோழர்களே, சர்வர் அமைக்கப் பழகும்போது நாம் முதலில் செய்து பார்ப்பது உள்ளூர் அஞ்சல். இதற்கு இணையம் வேண்டாம். ஒரே கணினியில் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் இன்னொருவருக்கு எழுதினால், அவருடைய பெட்டியில் கடிதம் போய்ச் சேரும். 1971இல் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே இதற்கு 'மெயில்' என்ற கட்டளை இருந்தது. 1998இல் வெளியான போஸ்ட்ஃபிக்ஸில் 'மைடெஸ்டினேஷன்' என்றொரு வரி உண்டு. எந்தப் பெயர்களுக்கு வரும் கடிதங்கள் இங்கேயே சேர வேண்டும் என்பதை அதில் எழுதுகிறோம். பட்டியலில் இல்லாத பெயர், அந்த சர்வருக்கு வெளியூர்.

இந்த வரியைத் தட்டும்போதெல்லாம் தபால்காரர் நம் நினைவுக்கு வருகிறார். 2001-02இல் 11 மாநிலங்களின் 565 கிராமங்களில் தீண்டாமை பற்றி ஓர் ஆய்வு நடந்தது. ஏறத்தாழ நான்கில் ஒரு கிராமத்தில் தலித் வீடுகளுக்குத் தபால் வந்து சேர்வதில்லை என்று அது பதிவு செய்தது. முகவரி சரி, தபால்தலை சரி. பல நூறு மைல் கடந்து வந்த கடிதம் சேரியின் எல்லையில் நின்றுவிட்டது. தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்துக்கு அப்போது ஐம்பது வயது கடந்திருந்தது.

அதே 1998இல் நம் புதுச்சேரியில் வேறொரு முயற்சி தொடங்கியது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து, சுற்றுக் கிராமங்களைக் கம்பியில்லாக் கருவிகளால் இணைத்தது. வீராம்பட்டினம் மீனவர்கள் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டுக் கடலுக்குப் போனார்கள். தகவல் மையத்துக்கான இடத்தை ஊர்தான் தர வேண்டும். சாதி பாராமல் எல்லோரும் வந்து போகும் இடமாக அது இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு கிராமத்தில் தனியார் வீட்டில் நடந்த மையத்துக்குள் தலித் மக்கள் வர முடியவில்லை. அந்த மையம் மூடப்பட்டது. கணினியில் எந்தப் பழுதும் இல்லை, வாசலில்தான் பழுது.

கணினி சாதி கேட்காது என்பது பாதி உண்மைதான். அதை வைத்திருக்கும் வீடு கேட்கும், சாவி வைத்திருப்பவர் கேட்பார். நாளை உங்கள் படிப்பகத்துக்கோ மாணவர் சங்கத்துக்கோ ஒரு சர்வர் அமைக்கும்போது, கட்டளைகளைத் தட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். இயந்திரம் யாருடைய இடத்தில் இருக்கிறது? ரூட் கடவுச்சொல் யார் கையில்? பட்டியலில் யார் பெயர் விடுபட்டிருக்கிறது?