இருதயத்துக்கு ஒரு வழி

என் அத்தைக்கு வயது எண்பது. இருதயத்தின் இடப்பக்கத்து வால்வு சரியாக மூடாமல் ரத்தம் பின்னோக்கிக் கசிந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். மார்பைத் திறந்து செய்யும் ஆபரேஷனை உடம்பு தாங்காது என்றார்கள். கடைசியில் தொடை ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, இருதயத்தின் நடுச்சுவரைத் துளைத்துப் போய், வால்வின் இரண்டு இதழ்களையும் ஒரு சின்னக் கிளிப்பினால் சேர்த்துப் பிடித்தார்கள். மனிதருக்கு இதை முதலில் செய்தது 2003ல்தான்.

ஆனால் வழி பழையது. 1929ல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே ஆஸ்பத்திரியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர் இருந்தார். இருதயத்துக்குள் குழாய் விடக் கூடாது என்று மேலதிகாரி தடுத்துவிட்டார். நர்ஸ் கெர்டா டிட்சன், "என்மேல் செய்து பாருங்கள்" என்று முன்வந்தாள். அவளை மேஜையில் கட்டிவிட்டு, டாக்டர் தம் கையையே கீறிக் குழாயை ஏற்றிக்கொண்டார்! பிறகு எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போனார். 65 செ.மீ. உள்ளே போன குழாயின் நுனி இருதயத்தில் இருந்தது படத்தில் தெரிந்தது.

பாராட்டுக்குப் பதில் ஏளனம் கிடைத்தது. அவர் சிறுநீரக வைத்தியத்துக்கு ஒதுங்கினார். அமெரிக்காவில் கூர்னான், ரிச்சர்ட்ஸ் இருவரும் அந்த வழியை வளர்த்தார்கள். 1956ல் மூவருக்கும் நோபல் பரிசு.

இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்: "அதுசரி, கட்டுண்டு கிடந்தாளே அந்தப் பெண், அவளுக்கு என்னடா கொடுத்தார்கள்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.