இரண்டு சட்டை, ஆறு கோப்பை

"நாம ஆந்திராவா, தமிழ்நாடாப்பா?" என்று மகன் கேட்டால் திருப்பதிக்காரன் நான் திருதிருவென்று முழிப்பேன். (1911 வரை எங்க ஊர் வட ஆற்காடு ஜில்லா!) அம்பத்தி ராயுடுவைக் காட்டித் தப்பிப்பேன்.

ஐ.பி.எல்.லில் 2010 முதல் 2017 வரை மும்பை, 2018 முதல் 2023 வரை சென்னை. வேறு சட்டை போட்டதில்லை மனுஷன். ஹர்பஜனும் இந்த இரண்டிலும் ஆடியவர்தான், பிறகு கொல்கத்தா போய்விட்டார். பிராவோவுக்கு நடுவில் குஜராத். ராயுடுவுக்கு மும்பையோடு 2013, 2015, 2017. சென்னையோடு 2018, 2021, 2023.

2019 இறுதியாட்டத்தில் பழைய மும்பையிடமே ஒரே ரன்னில் தோல்வி. பையன் சாப்பிடவே இல்லை.

2023 இறுதியாட்டம்தான் அவருக்குக் கடைசி. மோகித் சர்மா பந்தில் 6, 4, 6, அடுத்த பந்தில் அவுட்! கோப்பை வாங்க தோனி அவரையும் ஜடேஜாவையும் முன்னால் அழைத்தார். அந்தக் கோப்பைக்குப் பூஜை நடந்தது எங்கே தெரியுமா? தி.நகர் திருப்பதி தேவஸ்தானத்தில் :-)