வரையாடு

வரையாடு என்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் தமிழ்நாடு, கேரளப் பகுதிகளில் மட்டும் வாழும் காட்டு விலங்கு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு.

வகைப்பாடு: பாலூட்டி வகுப்பு, இரட்டைப்படைக் குளம்பிகள் வரிசை, போவிடே குடும்பம். முன்னர் இமயமலை வரையாட்டுடன் ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த இது, மரபணு ஆய்வின் அடிப்படையில் 2005-இல் நீல்கிரிட்ராகஸ் என்ற தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டது.

உயிர்ப்பண்புகள்:
ஊட்டம் – புல்லையும் செடிகளையும் மேய்ந்து அசைபோடும். நான்கு அறை இரைப்பையிலுள்ள நுண்ணுயிரிகள் செல்லுலோஸைச் சிதைக்கின்றன.
சுவாசம் – நுரையீரல் வழிப் பெறும் ஆக்சிஜனால் செல்களில் உணவிலிருந்து ஆற்றல் வெளிப்படுகிறது.
கழிவுநீக்கம் – சிறுநீரகங்கள் யூரியாவைப் பிரித்துச் சிறுநீராக வெளியேற்றுகின்றன.
இயக்கம் – பிளவுபட்ட குளம்புகளால் செங்குத்துப் பாறைகளில் ஏறும்.
உணர்திறன் – கூரிய பார்வையால் சிறுத்தை, செந்நாய் போன்றவற்றைத் தொலைவிலேயே கண்டு, எச்சரிக்கை ஒலி எழுப்பிப் பாறைச்சரிவுக்கு ஓடும்.
வளர்ச்சி – குட்டி சாம்பல் நிறமுடையது; முதிர்ந்த கிடா கரும்பழுப்பாகி, முதுகில் வெளிர்நிறத் திட்டைப் பெறும்.
இனப்பெருக்கம் – தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இணைசேரும். சினைக்காலம் ஏறத்தாழ 6 மாதம்; பெரும்பாலும் ஒரு குட்டி ஈனும்.

வாழிடமும் பாதுகாப்பும்: பெரும்பாலும் 1,200 முதல் 2,600 மீட்டர் உயரத்திலுள்ள புல்வெளிகளில் வாழும். வேட்டையாலும் வாழிட இழப்பாலும் எண்ணிக்கை குறைந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதன் வேட்டையைத் தடைசெய்கிறது. வரையாடுகள் வாழும் கேரளத்தின் இரவிகுளம் 1978-இல் தேசியப் பூங்காவானது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வரையாட்டை அருகிவரும் இனமாக வகைப்படுத்தியுள்ளது.