மன்னார்க் கடலும் பாய்த்தோணிகளும்



மன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட கடல் பெருங்கப்பல்களுக்கு உரிய கடலன்று. இராமர் அணை என்றும் ஆதாம் பாலம் என்றும் சொல்லப்பெறும் மணற்றிட்டுகள் அதனை இரண்டாக வகுத்து நிற்கின்றன. வடக்கே பாக்கு நீரிணை; தெற்கே மன்னார் வளைகுடா. கி. பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம அறிஞர் பிளினி இக்கடலைப் பற்றி எழுதியிருக்கிறார். நீர் ஆழமற்றது, வழி ஒடுங்கியது, திரும்ப இடமில்லாமையால் இங்குள்ள மரக்கலங்களுக்கு இரு முனையிலும் அணியம் உண்டு என்பது அவர் தரும் செய்தி. நம் தோணியின் வடிவம் பற்றிய பேச்சு உரோமாபுரி வரை எட்டியிருந்தது!

அக்கலங்களுக்கு இடங்கொடுத்த பெருந்துறை மாந்தை. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அங்கேதான் இருக்கிறது. பாளி நூல்கள் அத்துறையை மகாதித்த என்று குறிக்கும். 1980களில் ஜோன் காஸ்வெல் நடத்திய அகழ்வில் சீனத்துப் பீங்கானும் மேற்காசிய மட்கலங்களும் அங்கே கிடைத்தன. கடலில் இயற்கை இட்ட தடையே இரு திசைச் சரக்கும் ஓரிடத்தில் கைமாறும்படி செய்து அத்துறையை வளர்த்தது எனக் கொள்வது பொருந்தும்.

1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்தனர். 1658இல் ஒல்லாந்தர் அதனைக் கவர்ந்தனர். கோட்டைகளின் கதை பலரும் அறிந்ததே. தோணிகளின் கதைக்கு முத்துக் குளிப்புக் காலத்துக்குச் செல்ல வேண்டும்.

வாடை ஓய்ந்து, சோளகம் இன்னும் எழாத பங்குனி, சித்திரையில் கடல் அமைதியாக இருக்கும். அப்போது சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளில் ஓலைக் குடிசைகளால் ஒரு நகரமே எழும். கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிலிருந்து வள்ளங்களும் தோணிகளும் வந்து குவியும். நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்று வீசத் தொடங்கியதும் வெடியொலி கேட்கும், பாய்கள் விரியும். விடியும்போது தோணிகள் முத்துப் பாரின்மேல் நிற்கும். காலிற் கல்லைச் சேர்த்துக்கொண்டு குளியாளர் இறங்க, தோணியில் நிற்பவர் கயிற்றைப் பிடித்திருப்பார். நண்பகலில் கடற்காற்று எழுந்து எல்லாரையும் கரைசேர்க்கும். காற்று ஏமாற்றிய நாளில் துடுப்பே துணை. சுறாவின் வாயைக் கட்டுபவர் என்று நம்பப்பட்ட கடற்கட்டி இல்லாவிட்டால் குளியாளர் நீரில் இறங்கார். ஆங்கில அரசும் அவருக்குப் படி கொடுத்துப் பேணியது.

1905ஆம் ஆண்டுக் குளிப்பில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு, மிகுதி அரசுக்கு. மறு ஆண்டில் பார்கள் ஒரு கம்பெனிக்குக் குத்தகையாயின. விரைவில் சிப்பியும் அருகியது. குளிப்பைக் கண்காணிக்க ஆளுநர் நோர்த் அரிப்பிற் கட்டுவித்த மாளிகை இன்று கடலோரத்தில் இடிபாடாகக் கிடக்கிறது.

அதே கடலைத் தோணிகளிற் கடந்த மற்றொரு கூட்டம் உண்டு. மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் பெருகிய 1840கள் முதல், இராமநாதபுரக் கரையில் தோணியேறிய ஏழை மக்கள் மன்னார்ப் பகுதியில் இறங்கி, நீரற்ற காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் மடிந்தவர் எத்தனை பேர் என்பதில் அக்காலத்தவரே ஒத்துப்போகவில்லை. சிப்பிகளை எண்ணிப் பங்கிட்ட ஆட்சிக்கு இவர்களை எண்ண மனம் வரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே புகைவண்டியோடு இணைந்த நீராவிக் கப்பற் சேவை தொடங்கியபின் பயணிகள் தோணியை விட்டு நீங்கினர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடந்த சேவையும் 1980களிற் போர்ச் சூழலில் நின்றது.

துருக்கியின் பொத்ரும் நகரில், முன்பு கடற்பஞ்சு எடுக்கச் சென்ற மரக்கலங்களின் வழிவந்த பாய்க்கலங்களில் உல்லாசப் பயணிகள் இன்று உலாவுகின்றனர். அதனால் கலங்கட்டும் தச்சருக்கும் பிழைப்பு உண்டு. மன்னார்த் தோணிக்கு அத்தகைய மறுபிறவி வாய்க்கவில்லை. பேசாலையிலும் வங்காலையிலும் இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகளே மிகுதி. ஆயினும் சோளகத்தில் வடகடலிலும் வாடையில் தென்கடலிலும் தொழில் செய்யும் மன்னார்த் தீவின் பழைய வழக்கத்தை அப்படகுகளாலும் மாற்ற இயலவில்லை.