சாஸ்திரிகளின் வருகையும் ஹீபர் அத்தியட்சரின் இரு பாடல்களும்

திருச்சிராப்பள்ளிச் சந்திப்புக்கு அண்மையிலுள்ள தூய யோவான் ஆலயத்தினுள் ரெஜினால்டு ஹீபர் அத்தியட்சரின் கல்லறை இருக்கிறது. பொன்மலையிலிருந்து அது சில கிலோமீட்டர் தொலைவே. அந்நகரில் ஹீபரின் பெயரை அறியாதார் இலர். கல்லூரியொன்று அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆயினும், கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளைக் குறித்து ஆங்கிலத் திருச்சபையில் மிகுதியாய்ப் பாடப்பெறும் பாமாலைகளுள் ஒன்றை இயற்றியவர் நம் மண்ணில் அடக்கம் பண்ணப்பட்டிருக்கிறார் என்னும் உண்மை, ஜனவரி 6-ஆம் நாளில் பிரசன்னத் திருநாளை ஆசரிக்கும் நம் சபைகளில் அரிதாகவே நினைவுகூரப்படுகிறது. இவ்வரலாற்றை முன்னிட்டு மத்தேயு 2-ஆம் அதிகாரத்தை மறுபடியும் வாசித்துப் பார்ப்பது பயனுடையதாகும் எனக் கருதுகிறோம்.

முதற்கண் மத்தேயு சொல்லாதவற்றை நீக்கிவிடுவோம். வந்தவர் மூவர் என்று அவர் கூறவில்லை. காணிக்கைகள் மூன்றாயிருந்தபடியால் ஆட்களும் மூவராயினர். இக்கணக்கு ஓரிகன் காலந்தொட்டு வழங்கிவருகிறது. அவர்கள் அரசர் என்பதும் மத்தேயுவின் கூற்றன்று. சங்கீதம் 72, ஏசாயா 60 ஆகிய பகுதிகளின் ஒளியில் இவ்வரலாறு வாசிக்கப்பட்டபோது அவர்கள் தலைமீது முடி ஏறிற்று. பெயர்களோ இன்னும் பிற்காலத்தவை. அவற்றுள் காஸ்பார் என்பது இந்தியாவின் வடமேற்கை ஆண்ட கொண்டபோரஸ் என்னும் மன்னனின் பெயர் திரிந்ததே என்று அறிஞர் சிலர் கருதுவர். தோமாவின் நடபடிகள் என்னும் பழைய நூலில் அப்போஸ்தலனாகிய தோமாவோடு தொடர்புபடுத்தப்படும் அரசனும் இவனே. மேல்நாட்டு மரபு காஸ்பாரை இந்தியாவின் அரசன் எனக் கொண்டதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். இதனால் நமக்குப் பெருமை தேடிக்கொள்ள வேண்டியதில்லை. பெத்லகேமின் வாசலில் எங்கோ ஓரிடத்தில் இந்தியாவுக்கும் இடம் உண்டு என்று பழைய சபை எண்ணிற்று என்பது மட்டும் குறிக்கத்தக்கது.

மத்தேயு கூறும் சொல்லோ எளிதானதன்று. 'மாகோய்' என்னும் கிரேக்கச் சொல் ஆதியில் மேதியரின் ஆசாரியக் குலத்தைக் குறித்தது. பின்னர் வான்குறி பார்ப்போரையும், கனவுக்குப் பொருள் சொல்வோரையும், மந்திரவாதிகளையும் குறிக்கலாயிற்று. அப்போஸ்தலர் நடபடிகள் 13-ஆம் அதிகாரத்தில் பவுலை எதிர்த்துக் குருடனான எலிமாவும் இதே சொல்லால் அழைக்கப்படுகிறான். அங்கே நம் தமிழ் வேதாகமம் அவனை மாயவித்தைக்காரன் என்கிறது; மத்தேயுவிலோ 'சாஸ்திரிகள்' என்கிறது. மூலத்தில் ஒன்றாயிருக்கும் சொல், தமிழில் ஓரிடத்தில் இகழ்ச்சியும் மற்றோரிடத்தில் மதிப்பும் பெறுகிறது. தானியேல் 2-இல் நேபுகாத்நேச்சாரின் சபையில் ஜோசியரோடும் சூனியக்காரரோடும் வரிசையாய் நிற்போரும் சாஸ்திரிகளே என்பதைக் கண்டால், மத்தேயுவின் முதல் வாசகர் அடைந்திருக்கக்கூடிய அதிர்ச்சி நமக்கு ஓரளவு விளங்கும். தீர்க்கதரிசிகள் கண்டித்த தொழிலைச் செய்பவர்கள், வேதபாரகரை முந்திக்கொண்டு மேசியாவினிடத்தில் வந்து சேருகிறார்கள். வேதபாரகர் மீகாவின் தீர்க்கதரிசனத்தைப் பிழையின்றிச் சொன்னார்கள். ஊரும் சரி, வசனமும் சரி. எருசலேமிலிருந்து பெத்லகேம் ஏறத்தாழ 9 கிலோமீட்டரே. ஒருவரும் புறப்பட்டுப் போனதாக மத்தேயு எழுதவில்லை.

'சாஸ்திரி' என்னும் மொழிபெயர்ப்பு நம் நாட்டில் வேறொரு பொருளையும் எழுப்புகிறது. நம் தெருவில் சாஸ்திரி என்றால் யார் என்பதை எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சாங்கமும் வேதமும் கற்ற பிராமணரைக் குறிக்கும் இச்சொல், பிள்ளையின் முன் சாஷ்டாங்கமாய் விழுந்தோருக்குப் பெயராக அமைந்துவிட்டது. தஞ்சையில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) அப்பட்டத்தையே தம் பெயரோடு தாங்கினார். ஷ்வார்ட்ஸ் ஐயரின் வளர்ப்பில் பயின்ற அவர் வானநூலும் கற்றவர். 1800-ஆம் ஆண்டளவில் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியில், குறி சொல்லும் குறத்தியையே விசுவாசத்தின் உருவமாக்கினார். கோப்பர்நிக்கஸ் வழிவந்த வானநூற் செய்திகளுக்கும் அதிலே இடமளித்தார். குறி பார்ப்போரை நட்சத்திரம் பெத்லகேமுக்கு அழைத்துவந்தது என்றால், குறவஞ்சியும் அவ்வழியே வரலாம் என்று அவர் துணிந்தார் போலும்.

ஹீபருக்கு வருவோம். 1783-இல் பிறந்த அவர் இங்கிலாந்தில் ஹாட்னெட் என்னும் ஊரில் குருவாயிருந்த நாளில், 1811-ஆம் ஆண்டு, பிரசன்னத் திருநாளுக்கென அப்பாமாலையை வெளியிட்டார். நட்சத்திரத்தை விளித்துப் பாடும் பாடல் அது. நட்சத்திரத்தையே வணங்குவது போலிருக்கிறது என்றும், அதன் சந்தம் நடனத்துக்கு ஒத்ததாயிருக்கிறது என்றும் பாமாலை தொகுத்தோர் சிலர் அதை ஒதுக்க முனைந்தனராம். நட்சத்திரத்தை வணங்குவதாகக் குறை கூறினோர் மத்தேயுவையும் கூடவே ஒதுக்கியிருக்க வேண்டும்! பாடலின் நடுப்பகுதி மத்தேயுவின் வீட்டையும் லூக்காவின் முன்னணையையும் ஒன்றாக்கிக் குழந்தையின் தாழ்மையைக் காட்டுகிறது. அதன்பின் கவிஞர் ஒரு கேள்வி எழுப்புகிறார்: நறுமணமும் முத்தும் வெள்ளைப்போளமும் சுரங்கத்துப் பொன்னும் கொண்டுபோய்ப் படைப்போமா? விடையை அவரே அளிக்கிறார்: அவை வீண், இருதயத்தின் ஆராதனையும் ஏழையின் ஜெபமுமே ஆண்டவருக்கு அருமையானவை.

எட்டு ஆண்டுகளுக்குப்பின், 1819-இல், அதே கவிஞர் மிஷனரி ஊழியத்துக்கென இன்னொரு பாமாலை எழுதினார். இந்தியாவும் இலங்கையும் அதில் இடம்பெறுகின்றன. இலங்கையின் இயற்கை அழகைப் புகழ்ந்து, அங்குள்ள மனிதனை மட்டும் இழிந்தவன் என்கிறது அது. மரத்தையும் கல்லையும் வணங்கும் குருடராகக் கிழக்கத்தியரைச் சித்திரிக்கிறது. 1925-இல் கல்கத்தாவில் மிஷனரிமார் முன் பேசிய காந்தியடிகள் இவ்வடிகளை எடுத்துக்காட்டித் தம் வருத்தத்தைத் தெரிவித்தார். அவ்வருத்தம் நியாயமானதே. முதற் பாடலில் கிழக்கிலிருந்து ஒளியைக் கண்டு புறப்பட்டு வருகிறவர்கள், இரண்டாம் பாடலில் ஒளியே அறியாத இருளில் கிடக்கிறார்கள். ஒரே பேனா, ஒரே விசுவாசம், இரண்டு கிழக்குகள். இரண்டையும் எழுதியபோது அவர் கிழக்கைக் கண்டதில்லை.

கண்டபின் என்ன நேர்ந்தது என்பதே வரலாற்றில் கவனிக்கத்தக்க பகுதி. 1823-இல் கல்கத்தாவின் அத்தியட்சராய் வந்த ஹீபர், மறு ஆண்டே கிறிஸ்தியான் தாவீது என்னும் தமிழருக்குக் குருப்பட்டம் அளித்தார். ஷ்வார்ட்ஸின் மாணவராகிய இவர் யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்தவர். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியருள் முதல் குரு என்று எண்ணப்படுபவர். தமிழ்ச் சபைகளின் சாதி வழக்கத்தைக் குறித்து ஹீபர் இவரிடமே கேள்விகளை அனுப்பி விளக்கம் கோரினார். கிழக்கத்தியன் இழிந்தவன் என்று பாடியவர், கிழக்கத்தியன் ஒருவனிடம் கேட்டறியும் நிலைக்கு வந்தார். 1826 மார்ச் 26-இல் உயிர்த்தெழுந்த திருநாளைத் தஞ்சையில் ஆசரித்தார். ஷ்வார்ட்ஸின் அன்புக்குரியவரான சரபோஜி மன்னரையும் கண்டார். பின்னர் திருச்சிராப்பள்ளிக்கு வந்து, ஏப்ரல் 3-ஆம் நாள் காலையில், ஷ்வார்ட்ஸ் 1766-இல் கட்டுவித்த கோட்டை ஆலயத்தில் தமிழருக்குத் திடப்படுத்தல் கொடுத்து, தமிழிலேயே ஆசீர்வாதம் கூறினார். தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பிக் குளிக்கச் சென்றவர் நீர்த்தொட்டியில் இறந்து கிடந்தார். வயது 42. சாதியைப் பற்றிய அவருடைய விசாரணை முடிவு பெறவில்லை.

அம்முடிவுபெறாத விசாரணையைச் சாஸ்திரிகளின் காணிக்கைப் பெட்டியோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது நம் கருத்து. 1820-களில் தஞ்சைச் சபையார், வேதநாயகம் சாஸ்திரியாரை முன்னிட்டு, புதிதாய் வந்த மிஷனரிமார்மேல் குறை கூறினர். பழகிய வேதமொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள். தமிழ்ப் பாட்டையும் இசையையும் தடுக்கிறார்கள். திருநாளிலும் திருமணத்திலும் பூக்களை விலக்குகிறார்கள். இராப்போஜனத்தில் சாதி வேறுபாடின்றிக் கலந்திருக்கக் கட்டாயப்படுத்துகிறார்கள். நான்கும் ஒரே மூச்சில் கூறப்பட்டன. நமக்கு இங்கே தயக்கமில்லை. பாட்டும் பூவும் பழகிய மொழியும் காணிக்கை. அவற்றை வீண் என்று தள்ளிய மிஷனரிமார், ஹீபரின் முதற் பாடலிலுள்ள கேள்வியைத் தவறாய்ப் புரிந்துகொண்டவரை ஒப்பர். உண்மையில், அந்த ஒரு விடையில் ஹீபரோடும் நாம் முழுதும் உடன்பட இயலாது. மத்தேயு காணிக்கைகளை வீண் என்று சொல்லவில்லை. பொக்கிஷங்கள் திறக்கப்பட்டன, படைக்கப்பட்டன, மறுக்கப்படவில்லை. ஆனால் நான்காவது குறை காணிக்கைப் பெட்டியில் சேராது. பந்தியில் ஒருவரை ஒதுக்கிவைப்பதைப் பண்பாடு என்ற பெயரால் பிள்ளையின் முன் வைக்க முடியாது. சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை நம் சபை நன்றியோடு பாடுகிறது. இக்காரியத்தில் அவர் நின்ற இடத்தில் நாம் நிற்பதற்கில்லை. 1833-இல் வில்சன் அத்தியட்சர் சாதி வேறுபாட்டைச் சபையிலிருந்து அகற்றும்படி கட்டளையிட்டபோது தஞ்சையிலும் திருச்சியிலும் பெருங்கலக்கம் உண்டாயிற்று. அக்கலக்கம் இன்றளவும் நம் கல்லறைத் தோட்டங்களிலும் சபைத் தேர்தல்களிலும் முற்றிலும் ஓய்ந்துவிட்டது என்று கூற எவரும் துணியார்.

இதன்பொருட்டே அகுஸ்தீனுவின் பிரசங்கம் ஒன்று நினைவுக்கு வருகிறது. பிரசன்னத் திருநாளைத் தொனாத்திஸ்தர் ஆசரிப்பதில்லை என்கிறார் அவர். காரணம், அவர்கள் ஒற்றுமையை நேசியாதவர்கள். நட்சத்திரம் தோன்றிய கீழ்த்திசைச் சபையோடு ஐக்கியம் இல்லாதவர்கள். திருநாளை ஆசரிப்பதே ஐக்கியத்துக்கு அடையாளம் என்னும் அக்கருத்துப்படி, நம் சபைகளுள் எத்தனை அதை மெய்யாகவே ஆசரிக்கின்றன?

இனிப் பொன்மலை. பெயரில்தான் பொன், உள்ளது வெறும் பாறை. 1753-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அதற்காகப் போரிட்டனர். 1928-இல் தென்னிந்திய ரயில்வேயின் தொழிற்சாலை நாகப்பட்டினத்திலிருந்து அங்கே பெயர்ந்தபின் தொழிலாளர் ஊராயிற்று. 1946 செப்டம்பர் 5-ஆம் நாள், அங்கே சங்கத்தில் கூடியிருந்த தொழிலாளர்மேல் போலீசார் சுட்டதில் ஐவர் இறந்தனர். அவர்களை ஆண்டுதோறும் அவ்வூர் நினைவுகூருகிறது. இத்தகைய ஊரில் பிரசன்னத் திருநாள் பிரசங்கத்தை 12-ஆம் வசனத்தோடு முடிப்பது எளிதன்று. சாஸ்திரிகள் முதலில் அரமனைக்குச் சென்றார்கள். ராஜா பிறந்திருப்பார் என்றால் அரமனையில்தான் பிறந்திருப்பார் என்பது அவர்களுடைய கல்வி கற்பித்த முடிவு. நட்சத்திரத்தை நம்பி வந்தவர்கள் கடைசிக் கட்டத்தில் அதிகாரத்தை நம்பினார்கள். அவர்கள் கள்ளமின்றிக் கேட்ட கேள்வியே ஏரோதின் செவியில் விழுந்தது. 16-ஆம் வசனத்தில் பெத்லகேமின் பிள்ளைகள் கொல்லப்பட்டதற்கு ஏரோதுதான் பொறுப்பாளி, ஐயமில்லை. ஆயினும், கற்றோர் அதிகாரத்தினிடம் வழி கேட்பதால் யார் தலையில் என்ன விழுகிறது என்பதையும் மத்தேயு மறைக்கவில்லை. அவர்கள் வேறு வழியாய்த் தங்கள் தேசத்துக்குத் திரும்பினார்கள் என்பதை மனந்திரும்புதலுக்கு உருவகமாகக் கொள்வது பழைய வழக்கம். அது நல்ல விளக்கமே. ஆனால் நேர்ப்பொருளும் போதுமானது: ஏரோதுக்குச் செய்தி கொண்டுபோக மறுத்தார்கள், அரசனுக்குக் கீழ்ப்படியவில்லை.

நம் திருநாள் அட்டவணையோ பிள்ளைகளின் நினைவு நாளை டிசம்பர் 28-இல் வைத்து, சாஸ்திரிகளின் வருகையை ஜனவரி 6-இல் வைத்திருக்கிறது. அழுகை முந்திவிடுகிறது, அதற்குக் காரணமான வருகை ஒன்பது நாள் கழித்துப் பொன்னும் தூபவர்க்கமுமாய் ஒளிர்கிறது. இரண்டையும் ஒரே ஆராதனையில் வாசிக்கக் குருமாருக்குத் தடையேதும் இல்லை. பொன்மலைப் பகுதியில் ஊழியம் செய்வோர் இதை முதலில் தொடங்கலாம்.